எண்பத்து நான்கு படிகள்

மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் திங்கட்கிழமைதோறும் காலையில் மேலே ஏறுவார். படிக்கட்டு பகலிலும் கும்மிருட்டு. கால் இடறாமலிருக்க, இறங்கும்போது ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவார். மொத்தம் எண்பத்து நான்கு. வாசலில் பார்வையாளர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் அவர் மனைவி, எண்பது காதில் விழுந்ததும் ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி வைப்பாள். முப்பது வருட வழக்கம்.

இந்தத் திங்கள் அவருக்குத் தொண்டை கட்டி, பேச்சே எழவில்லை. சுவரைத் தடவியபடி, மனசுக்குள் எண்ணிக்கொண்டு இறங்கினார். வெளியே வந்தால், ஊற்றி வைத்த டீயில் ஆவி பறந்தது.

நான் வருவது எப்படித் தெரிந்தது என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"அதான் ஊருக்கே கேக்குற மாதிரி எண்ணிட்டு வந்தீங்களே! தொண்டை கட்டுனதெல்லாம் சும்மா, மாத்திரை போடாம தப்பிக்கத்தானே? ஆனா கடைசி ரெண்டு படிய முழுங்கிட்டீங்க. எண்பத்தி ரெண்டோட நிறுத்திட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைத் தேடினார். டம்ளரை நீட்டிய மனைவி அவர் உதடுகளைப் பார்த்தாள். அவை அசையவில்லை.

கதவுக்குப் பின்னால், அவருடைய குரலிலேயே, நிதானமாகக் கேட்டது:

"எண்பத்தி மூணு."