அழுக்குச் சட்டி கேட்ட நாடகம்

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் டாக்டர் கொடுத்த களிம்பு, அதன் மேல் துணி உறை. ஒரு காயை உரிப்பதற்குள் நாலு பட்டாணி தரையில் உருண்டு ஓடியது.

என் வீட்டுக்காரர் அடுக்களைக்குள் வந்தார். கழுவாமல் கிடந்த குக்கர், கடாய், தட்டு, குழந்தையின் பால் கிண்ணம் எல்லாவற்றையும் சாக்குப் பையில் போட ஆரம்பித்தார்.

"இன்னிக்குமா?" என்றேன்.

"டைரக்டர் அம்மா கேட்டாங்க. நிஜமான அழுக்குச் சட்டி இருந்தாத்தான் நாடகம் நம்புற மாதிரி இருக்குமாம்."

இது பதினோராவது நாள்.

எங்கள் தெருக்கோடி மன்றத்துக்கு ஒரு நாடகக் குழு வந்திருந்தது. தெருக்காரர்களே நடிக்க வேண்டும். பார்க்கிறவர்களில் யாருக்காவது பொறுக்கவில்லை என்றால் 'நிறுத்து' என்று சொல்லி, மேடை ஏறி, கதையை மாற்றலாம். வீட்டு வேலை யாருடைய வேலை என்பதுதான் கதை. வேனில் நாற்காலி இறக்கப் போன என் வீட்டுக்காரரைப் பிடித்து, துரும்பைக்கூட அசைக்காத புருஷன் வேஷம் கொடுத்துவிட்டார்கள். ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஏன் எரிச்சல் வராது? ஹோட்டல் விரிப்புகள் வெளுக்கிற சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. பிளீச்சிங் தண்ணீர் கையைத் தின்றுவிட்டது. ஒரு மாதம் சோப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறாது என்று டாக்டர் சொன்னார். ஆறாத கையோடு வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் சொன்னார். குழந்தையோ நான் தொட்டாலே நெளிந்து அழுதாள். கை அவ்வளவு சொரசொரப்பு.

மாமியார் காலமான பிறகு இந்த வீட்டில் வேலை செய்யப் பெண் என்று நான் ஒருத்திதான். டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்த வீட்டு ஆம்பளைங்க சட்டி கழுவின சரித்திரம் இல்லை" என்றார். பாத்திரம் கழுவுகிற எதிர்வீட்டுக்காரருக்கு 'சோப்பு மாப்பிள்ளை' என்று பேர் வைத்தவர் அவர். தெருவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அப்பா முன்னால் அவர் வாய்க்கு எப்போதும் பூட்டுதான்.

அதற்கப்புறம்தான் இந்த நாடகக் கூத்து. சாயங்காலம் போகிற சட்டி எட்டு மணிக்குப் பளபளவென்று திரும்பி வரும், அதில் குறை சொல்ல முடியாது. மனைவியாக நடிக்கிற பெண் கழுவுகிறாளாம். அவள் கை மட்டும் என்ன இரும்பா? பெண்கள் கஷ்டத்தைச் சொல்ல நாடகமாம். இங்கே ஒரு பெண் குக்கர் எப்போது வரும் என்று அரிசியை அளந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். மாமனார் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் குழந்தையோடு ஓரமாக நின்றேன்.

மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் என் வீட்டுக்காரர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு காபி கேட்டார். மனைவியாக நடித்த பெண் வெறுங்கையால் காற்றைத் தேய்த்தாள், காற்றைக் கழுவினாள், காற்றைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு கரண்டிகூட இல்லை.

புது ஆளிடம் பேச எனக்கு நாக்கு எழாது. அன்றைக்கு எழுந்தது. பக்கத்தில் நின்ற டைரக்டர் அம்மாவிடம், எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

அவர் முழித்தார். "நாங்க மேடையில எதுவுமே வச்சுக்கறது இல்லையேம்மா. உங்க வீட்டுக்காரர்தான் தினம் அரைமணி முன்னாடியே வந்து, பின்பக்கக் குழாயில ஒரு மூட்டை கழுவுவார். வீட்டுல தண்ணி வரலைன்னார்."

அதற்குள் 'நிறுத்து' என்று ஒரு குரல். சோப்பு மாப்பிள்ளையின் மனைவி மேடை ஏறிவிட்டார். என் வீட்டுக்காரரை அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தெருவே கைதட்டியது. போதாதென்று என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லு. வீட்டுலயும் இவர் இப்படித்தானே?"

எல்லாத் தலையும் திரும்பியது, மாமனார் தலையைத் தவிர. மேடையிலிருந்து என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் நடிப்பே இல்லை.

"ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார்" என்றேன். சபையில் நான் முதன்முதலாகப் பேசியதே பொய்.

கடைசியில் டைரக்டர் அம்மா எல்லாருக்கும் நன்றி சொல்லி, விடிந்ததும் வேறு ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால், இவர் மறுபடியும் சாக்குப் பையோடு நிற்கிறார்.

"நாடகம்தான் முடிஞ்சுதே, இன்னும் எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"அடுத்த நாடகத்துக்கு ஒத்திகைன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

எனக்குச் சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை. அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் களிம்பு.

"திருட்டுத்தனமா குடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். திருட்டுத்தனமா சட்டி கழுவுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றேன். "அவங்க ஊரை விட்டே போயாச்சு. மாமாவும் முன்வரிசையில உட்கார்ந்து கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாரு. அவருக்கு மட்டும் விஷயம் புரிஞ்சுதுன்னா, நம்ம ரெண்டு பேரையும்..."

"அம்மாடி, இங்க வா" என்று கூடத்திலிருந்து மாமனார் கூப்பிட்டார். "ஒத்திகைக்கு என் தட்டை எடுக்காமப் போறான் பாரு."