வண்டி வராத ஸ்டேஷன்

சற்குணம் தன் வீட்டு மேசை மேல் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டு ஆறு வருஷமாகிறது. இன்ஜின் இன்னும் ஒரு சுற்றுகூட ஓடவில்லை.

"இன்னைக்காவது உங்களை ஓட விடுவாராண்ணே?" என்று கேட்டது, பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்ற பிளாஸ்டிக் பயணி. அதன் கால்களை முதல் வருஷமே பசை போட்டு ஒட்டிவிட்டார்.

"எங்க விடுறாரு? தண்டவாளம் முடிஞ்சதும் மலை வேணும்னாரு. மலை வந்ததும் மரம் வேணும்னாரு. போன மாசம் டீக்கடை. கடைக்கு பெஞ்சு போட்டு, பெஞ்சுக்கு அடியில ஒரு நாயையும் படுக்க வச்சாச்சு. வண்டியே ஓடாத ஊர்ல யாருப்பா டீ குடிக்கப் போறா?" என்று எரிந்து விழுந்தது இன்ஜின்.

"இன்னைக்குக் கையில மரம், வீடு எதுவும் இல்லண்ணே. நேரா உங்ககிட்டதான் வர்றாரு."

இன்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சற்குணம் குனிந்து அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, துருப்பிடித்த மாதிரி அதன் மேலெல்லாம் பழுப்புச் சாயம் தீட்டினார். சக்கரங்களுக்கு நடுவே பசையை ஊற்றி, புல் முளைத்த மாதிரி பச்சைத் தூளைத் தூவினார். தள்ளி நின்று பார்த்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தான் நிஜ ஸ்டேஷன் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பயணி தயங்கித் தயங்கிக் கேட்டது. "அப்போ வண்டி எப்பண்ணே வரும்?"

"அதைத்தான் தம்பி, இனிமே நானும் உன்கூட நின்னு பார்க்கணும்" என்றது இன்ஜின்.