கழிவுக் குவியல்

"இந்தச் செத்த கரி மிதக்காதுக்கா, விட்டுத்தள்ளுங்க" என்று ஆய்வுக்கூடமே அவளுக்குச் சொல்லி ஓய்ந்துவிட்டது.

நல்ல நிலக்கரித் தூள் காற்றுக் குமிழியில் ஒட்டி, நுரையோடு மேலே வரும். சுரங்க வாசலில் மலையாய்க் குவிந்த கழிவுக் கரியோ வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போனது, மூழ்கிவிடும். அதையும் குமிழியில் ஒட்டவைக்க, அவள் ஆறு வருடமாக எண்ணெயை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தாள்.

இன்று தொட்டியில் கறுப்பு நுரை பொங்கியது.

மேனேஜர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "சாதிச்சிட்டீங்கம்மா. இனிமே அந்தக் குவியலைத் தோண்டினா கட்டுப்படியாகும். திங்கக்கிழமையே மெஷினை இறக்கிடலாம். உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க."

"மெதுவா தோண்டச் சொல்லுங்க சார்" என்றாள். "அன்னிக்குக் குவியல் சரிஞ்சப்ப, கட்டுப்படியாகாதுன்னு நாலாம் நாளே தோண்டுறதை நிறுத்திட்டீங்க. எங்க வீட்டுக்காரர் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கார்."