ஸ்டெல்லாவின் விசிலும் காக்கையின் ஆஃப்சைடும்

கால்பந்து கோச்சான என் மனைவி ஸ்டெல்லா விரலை மடித்து விசிலடித்தால், வியாசர்பாடி மைதானத்துக் காக்கைகூட ஆஃப்சைடு பார்த்துத்தான் உட்காரும்.

கிளப் செயலாளர் டில்லிக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு.

"அட போ அண்ணாத்த! எங்க ஓடணும்னு பசங்க காதுல இருக்குற மெஷினே சொல்லிடுது. அப்பால கோச் இன்னாத்துக்கு? இன்னியோட அண்ணி காண்ட்ராக்ட் முடிஞ்சுது, நீட்டிக்க மாட்டோம்."

அன்றைய ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில், டிராவே போதுமென்று மெஷின் எல்லோரையும் பின்னால் இழுத்தது. ஸ்டெல்லா விசிலடித்தாள். அவ்வளவுதான், பதினொரு பேரும் காதில் இருந்ததைப் பிடுங்கி வீசிவிட்டு முன்னால் பாய்ந்தார்கள். கோல்!

டில்லி அங்கேயே மூன்று வருடத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

"காக்கா?" என்றேன் விடாமல்.

அவர் தலையைச் சொறிந்தார்.

"நானே பாத்தேன் அண்ணாத்த. கோட்டுக்கு இந்தாண்ட நவுந்துதான் குந்திச்சு."