அலுமாரியில் கடைசி ஸ்பீக்கர்

கண்ணாடி அலுமாரிக்குள் அதைக் கண்டதும் றவூப் முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதே பளபளத்த மரப்பெட்டி. மூத்த மகள் ஸக்கியாவின் கலியாணத்துக்கு றேடியோவோடு சேர்த்துக் கொடுத்த அதே சீமை ஸ்பீக்கர். அதைச் செய்த கம்பெனி போன வருஷம் நொடித்து மூடிவிட்டது. கொழும்பு முழுக்க அலைந்தும் ஒன்றுகூட அகப்படவில்லை. இங்கே கண்டியில், வீரய்யாவின் றேடியோக் கடையில், ஒன்று சும்மா குந்தியிருக்கிறது.

"வீரய்யா, அத எறக்குங்க. வார வெள்ளிக்கெழம றமீலாட கலியாணம்."

மூத்தவளுக்குக் கொடுத்தது இளையவளுக்கும் போக வேண்டும். ஒரு வெற்றிலைப் படிக்கம் குறைந்தாலும் பேச்சு வந்துவிடும். றமீலா வாய்விட்டுக் கேட்டதும் இந்த ஒன்றைத்தான்.

வீரய்யா தலையைச் சொறிந்தார். "அது விக்கிறதுக்கில்லைங்க முதலாளி. வேற கம்பெனி ஸ்பீக்கர் இருக்கு, நல்லாப் பாடும். போட்டுக் காட்டவா?"

"வேற குடுத்தா, எளையவளுக்கு மட்டமானதக் குடுத்தான் எண்டு ஊரே கதைக்கும். வெலயச் செல்லுங்க."

"விலையே இல்லைங்க."

"கேக்கிறதுக்கு மேல தாறன்."

"எவ்வளவு தந்தாலும் விக்க முடியாதுங்க."

றவூப் முதலாளி துணிக்கடைக்காரர். ஒரு வியாபாரி விற்கமாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தமென்று அவருக்கா தெரியாது? இனிச் சரக்கு வராது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எவனாவது கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுப்பான். வந்த சந்தோஷமெல்லாம் ஆத்திரமாகப் பொங்கியது அவருக்கு.

"தொரமாருக்குப் பதுக்கி வெச்சீக்கிறீங்க. ஸக்கியாட ஸ்பீக்கர் ஊமையானப்ப, கம்பிதான் கழண்டிருந்த எண்டு சல்லிகூட எடுக்காமத் திருத்தித் தந்த மனுசனா நீங்க?"

வீரய்யா வாய் திறக்குமுன், முதலாளியே அலுமாரியைத் திறந்துவிட்டார். பெட்டி நல்ல பாரம் என்பது அவருக்கு நினைவிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரே தூக்காகத் தூக்கினார்.

பெட்டி காகிதம்போல மேலே வந்தது. மனுஷர் பின்னுக்குச் சாய்ந்து விழப் பார்த்தார்.

திருப்பிப் பார்த்தால் உள்ளே காந்தம் இல்லை, கம்பிச் சுருள் இல்லை. மூலையில் நாலைந்து ஆணிகள் மட்டும் கிலுகிலுத்தன.

"என்ன வீரய்யா, வெறுங்கூடு?"

"நான் வித்த பெட்டி இங்க பல வீட்டுல இருக்குங்க. ஒண்ணு பழுதானா சாமானுக்கு எங்க போறது? கம்பெனிக்காரன் போயிட்டான், வித்த நான் இருக்கேனே. அதான் இதைக் கழட்டிக் கழட்டிக் குடுக்கிறேன்."

"அதுக்குப் புதுப் பெட்டியையா ஒடைக்கிறது? கலியாணத்துக்கு ஒண்டு கேட்டு நிக்கிறன். இதுட காந்தத்த எந்த மகாராசனுக்குக் குடுத்தீங்க?"

வீரய்யா பெட்டியை வாங்கித் துடைத்து, பழையபடி அலுமாரியில் வைத்தார்.

"கம்பி கழண்டிருந்துச்சுன்னு அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க முதலாளி. அந்தக் காந்தம் உங்க ஸக்கியாம்மா வீட்டுலதான் பாடிக்கிட்டு இருக்கு."