திட்டும் ரேடியோ

"ரேடியோவுல ஜனங்களைத் திட்டுறீங்களாமே? புகார் வந்திருக்கு."

அதிகாரியம்மா உட்காரக்கூட இல்லை. சைக்கிள் கடை மாடியில் ஒரே அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு அதுதான் வானொலி நிலையம். பெரிய பத்திரிகைகளில் அவர்கள் வருவது திருட்டுக்கும் தீ விபத்துக்கும் மட்டும்தான். உரிமம் போனால் இந்தக் குரலும் போச்சு.

"ஒரு நிமிஷம் மேடம், நேரமாச்சு." அறிவிப்பாளரான தையல்கார அக்கா மைக்கைப் பிடித்தார்.

"மீன்கார அத்தே! விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, என்ன தூக்கம்? மாத்திரையை முழுங்கினீங்களா, மீனுக்குப் போட்டீங்களா?"

தெருவில் தகரத்தில் 'டங்' என்று ஓர் அடி.

"வாட்ச்மேன் மாமா! அந்தச் சட்டையைத் துவைச்சா கரைஞ்சா போயிடும்?"

'டங்!'

"பார்த்தீங்களா, ஜனங்க கொதிச்சுப் போய் தகரத்தை அடிக்கிறாங்க! இன்னிக்கே சீல் வைக்கிறேன்."

"ஐயோ, அது கோபமில்ல மேடம். தனியா இருக்கிறவங்களைத்தான் திட்டுவேன். 'நல்லாத்தான் இருக்கேன், போடி'ன்னு அர்த்தம் அந்த அடிக்கு. சத்தம் வரலைன்னா தெருவே கதவைத் தட்ட ஓடும்."

"அப்புறம் புகார் எதுக்கு?"

அதிகாரியம்மா புகார் கொடுத்தவரை உள்ளே கூப்பிட்டார். பழைய இரும்புக் கடைக்காரர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பயப்படாம சொல்லுங்க. உங்களை என்னன்னு திட்டினாங்க?"

"திட்டவே இல்லையே மேடம்! அதானே புகார்! மழைக்கு முன்னாடியே குடிவந்துட்டேன். நானும் ஒண்டிக்கட்டைதான். தினமும் ரேடியோவைக் காதுல வெச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். எல்லாரையும் திட்டுறாங்க, என்னை மட்டும்... நான் என்ன இந்தத் தெருக்காரன் இல்லையா?"

குரல் உடைந்துவிட்டது.

"புது ஆளு, மனசு நோகுமேன்னு விட்டு வெச்சேண்ணே."

"உங்க மரியாதை யாருக்கும்மா வேணும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை இழுத்தார்.

"இரும்புக்கடை அண்ணே! உங்க இருமல்ல தெருவே தூங்கல. ஆஸ்பத்திரிக்குப் போனா கிரீடம் இறங்கிடுமா?"

மனுஷன் படியில் தாவி ஓடினார். அவர் கடையில் தகரத்துக்கா பஞ்சம்? டங், டங், டங்! பதிலுக்குத் தெரு முழுக்கத் தகரம் அதிர்ந்தது.

அதிகாரியம்மா சீல் வைக்கும் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்படியில் தயங்கித் திரும்பினார்.

"ஏம்மா, இந்த ரேடியோ எங்க குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேக்குமா? நானும் தனியாத்தான் இருக்கேன்."