47569433 வகுபடுமா?

1951. பல்லாரட் நகருக்கு வெளியே இருந்த காசநோய் மருத்துவமனையில், மெர்வினைப் பார்க்க ஒருவரே வந்தார்: அவருடன் பள்ளியில் கணிதம் கற்பித்த லெஸ்டர்.

மெர்வின் அவருக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்: 47569433. அது பகா எண்தானா என்று, வாரம் இருபது பகா எண்களால் கையாலேயே வகுத்துப் பார்த்து, ஞாயிறுதோறும் வந்து சொல்லவேண்டும். பத்து மாதங்கள் ஓடிவிட்டன.

"என்னடா, உடைஞ்சுதா?"

"இல்லடா. இந்த வாரம் 6007 வரைக்கும் வகுத்தாச்சு. எல்லாத்துக்கும் மீதி வருது."

"பீரடிச்ச தலையோட வகுத்தியா?"

"போடா! ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன்."

"உடையாத எண்ணு ஒண்ணையாவது விட்டுட்டுப் போகணும்டா."

"போறதப் பத்திப் பேசாத. அடுத்த ஞாயிறு வரேன்."

அடுத்த ஞாயிறு கட்டில் காலியாக இருந்தது. செவிலி ஒரு குறிப்பேட்டை நீட்டினாள்.

முதல் பக்கத்தில் மெர்வின் எழுதியிருந்தார்: "6007 × 7919 = 47569433. இதைக் கண்டுபிடிக்கும்வரையாவது லெஸ்டர் வருவான்."

கடைசிப் பக்கத்தில்: "6007ஆலும் வகுபடவில்லையாம். வகுத்தலில் லெஸ்டர் பிழைசெய்ததே இல்லை. எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் வருகிறான்."